ஒற்றுமைத் தொட்டி

தட்டையான சாராய பாட்டில்கள் கொட்டகை நெடுக வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொரு பாட்டிலிலும் ஓர் ஆண் சண்டை மீன். இரண்டு பாட்டிலுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டு. அந்தச் சாராயத்தைக் குடித்துத் தீர்த்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுப் பாடியிருப்பார்கள். இப்போது உள்ளே குடியிருப்பவர்களுக்கு அந்தக் குணம் கிடையாது. அட்டை ஒரு விரல்கடை விலகினால் போதும், பக்கத்து வீட்டுக்காரனைக் கண்ட மாத்திரத்தில் செவுளை விரித்து, உடம்பை முறுக்கிக்கொண்டு, கண்ணாடியில் மூக்கால் முட்ட ஆரம்பித்துவிடும்.

சமோன் பாட்டிலைச் சாய்த்துப் பாதித் தண்ணீரைக் கொட்டினாள். மீன் கூடவே வந்துவிடாமல் கட்டைவிரல் பாட்டில் வாயில் இருந்தது. பிறகு குழாயைச் செருகிப் புதுத் தண்ணீர் விட்டாள். வாதாம் இலை ஊறிய, டீ நிறத் தண்ணீர். பாட்டிலை வைத்தாள், அட்டையைச் செருகினாள், அடுத்ததை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவளுடைய விரல் நுனிகள் ஊறுகாய் எலுமிச்சை மாதிரி சுருங்கியே இருக்கப் பழகிவிட்டன. எதிர் வரிசையில் விச்சியன் அதே வேலையை வாயில் பீடியோடு செய்துகொண்டிருந்தான். கொட்டகைக்கு இவர்கள் இரண்டு பேரும்தான் மூத்த ஆட்கள்.

"அண்ணே, சாம்பல் விழுது. மீனு குடிக்குது," என்றாள் சமோன்.

"குடிக்கட்டும். பாட்டில்ல இருக்கிறவனுக்குப் பீடி இல்லாம எப்படி?"

முதலாளி காம்தோன் உள்ளே வந்தார். விச்சியன் பீடியைச் செருப்புக்கடியில் போட்டான்.

காம்தோன் போன மாதம் பாங்காக் ஓட்டல் ஒன்றில் நடந்த தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்வந்தவர். போகும்போது சாதாரண மீன் பண்ணைக்காரராகப் போனார். திரும்பும்போது சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று, சட்டையில் குத்தும் வில்லை ஒன்று, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டிவிட்டுப் பேசும் பழக்கம் ஒன்று என்று மூன்றையும் கொண்டுவந்தார். முன்பெல்லாம் சம்பளம் தள்ளிப்போனால், "இப்ப இல்ல, போ" என்பார். இப்போது, "நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு கடினமான பயணத்தில் இருக்கிறோம்" என்கிறார். பயணம் முழுக்க அவர் காரில்தான் போனார் என்பது வேறு விஷயம்.

அவர் கையைத் தட்டினார். பாட்டில் மீன்கள் எல்லாம் ஒரு துள்ளு துள்ளின.

"ரெண்டு சேதி. முதல் சேதி, வெளிநாட்டுக்காரன் மீன் வாங்குறதைக் குறைச்சுட்டான். அதனால இந்தக் கொட்டகைக்கு ரெண்டு மூத்த ஆள் தாங்காது. ஒரு ஆள்தான்."

சமோனின் கட்டைவிரல் பாட்டில் வாயிலேயே நின்றது. விச்சியன் தரையைப் பார்த்தான்.

"முகத்தைத் தொங்கப்போடக் கூடாது. ரெண்டாவது சேதி நல்ல சேதி. தேசிய அலங்கார மீன் பெருமைப் பேரவைத் தலைவர் நம்ம பண்ணைக்கு வர்றார். அவருக்கு நாம என்ன காட்டப் போறோம்? பாட்டிலா? பாட்டிலை எல்லாரும்தான் காட்டுறான்." காம்தோன் இரண்டு கையையும் அகலமாக விரித்தார். "தொட்டி. இவ்வளவு பெரிய கண்ணாடித் தொட்டி. அதுக்குள்ள சிவப்பு, கறுப்பு, நீலம்னு எல்லா நிறத்து ஆம்பளை மீனும் ஒண்ணா. மேல ஒரு பலகை: 'நிறம் பல, குடும்பம் ஒன்று.' அதுக்குப் பேரு ஒற்றுமைத் தொட்டி."

விச்சியன் குழாயைக் கீழே வைத்தான்.

"கறிக்கடை மாதிரி ஆயிடும், முதலாளி," என்றான் விச்சியன்.

"விச்சியன், முடியாதுங்கிறது ஒரு வியாதி. பயிற்சியில சொன்னாங்க."

"மீனுக்கும் பயிற்சி குடுத்தாங்களா?"

"முடியும், முதலாளி," என்றாள் சமோன்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் சொன்னது பொய்யில்லை. பின்னால் சிமெண்டுத் தொட்டி ஒன்றில் ஒரே ஈற்றுக் குஞ்சுகள் பெரிதாகிக்கொண்டிருந்தன. மற்ற தொட்டிகளில் ஆண் மீனுக்கு நிறம் ஏறியதும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாட்டிலில் போட்டுவிடுவார்கள். அந்தத் தொட்டிக்கு மட்டும் பாட்டில் போதாமல் விட்டுப்போயிற்று. பிறந்ததிலிருந்து ஒன்றாகவே கிடக்கும் அண்ணன் தம்பிகள், பிரிக்காதவரைக்கும் பெரிதாக வம்பு பண்ணுவதில்லை. ஒருவன் வாலை ஒருவன் கொஞ்சம் கொறிப்பான், அவ்வளவுதான். ஒருமுறை பிரித்தால் தீர்ந்தது. பிறகு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

சமோன் இதைச் சொன்னாள். காம்தோன் முதல் பாதியை மட்டும் கேட்டார்.

"பாரு! குடும்பம்! நான் சொன்ன அதே வார்த்தை!" மறுபடி கையைத் தட்டினார். "அப்ப முடிவாயிடுச்சு. தலைவர் வந்துட்டுப் போற வரைக்கும் தொட்டி அமைதியா இருந்தா, கொட்டகைக்கு சமோன். சண்டை வந்தா விச்சியன். இதுக்குப் பேரு ஆரோக்கியமான போட்டி."

அவர் போன பிறகு விச்சியன் இன்னொரு பீடி பற்றவைத்தான்.

"என் பொழப்பை எடுத்துத் தொட்டியில போட்டுட்டியே, தங்கச்சி."

"என் பொழப்பும்தான் கெடக்கு அதுல."

"கெடக்கட்டும், கெடக்கட்டும். பிறந்ததுலேர்ந்து ஒரே கொட்டகையில கெடக்குறோம். நம்மளப் பிரிக்காதவரைக்கும் நல்லாத்தான் இருந்தோம்." சிரித்தான். சமோனுக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது.

கொட்டகைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை ஒன்று இருந்தது. சமோனும் அவள் புருஷன் சங்வானும் அதில் இருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் அறை. சங்வான் கரும்பு லாரி ஓட்டியவன். ஒருநாள் பாரம் சரிந்து முதுகில் விழுந்தது, அன்றிலிருந்து படுக்கை. லாரி முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கூடையோடு வந்தார். கூடையில் இருந்த ஆப்பிள் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைச் சங்வான் இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். யாராவது கேட்டால், "என் நஷ்டஈட்டுப் பத்திரம்" என்பான்.

சமோன் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"அவுங்க அண்ணன் தம்பியா?" என்றான் சங்வான்.

"ஆமா."

"எனக்கும் ரெண்டு தம்பி இருக்கானுங்க. வயக்காட்டைப் பிரிச்ச அன்னிக்கு அருவா எடுத்தானுங்க. மீன்தான் மனுஷனைவிட மேல்னு உன் முதலாளிக்குச் சொல்லு."

"வாயைத் தொற. கஞ்சி ஆறுது."

"சரியா வந்தா நம்ம அறை நம்மளுது. வரலைன்னா?"

சமோன் கிண்ணத்தை வழித்தாள். "வரும்," என்றாள்.

தொட்டி வந்து இறங்கியது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கண்ணாடி மேடை மாதிரி நீளமாக இருந்தது. சமோன் அதில் குழாய்த் தண்ணீர் ஊற்ற விடவில்லை. சிமெண்டுத் தொட்டியின் பழைய தண்ணீரையே வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினாள். அந்தத் தண்ணீரில் அவர்கள் வாசனை இருக்கிறது; வீடு மாறியது தெரியாது. பிறகு பெரிய துணி ஒன்றைத் தொட்டில் மாதிரி கட்டி, ஒரு மீன்கூடத் தனியாகிவிடாமல் மொத்தக் கூட்டத்தையும் ஒரே தூக்கில் தூக்கினாள். மறுமுனையை விச்சியன் பிடித்தான். வேறு ஆள் இல்லை.

மீன்கள் கொஞ்ச நேரம் மூலையில் ஒண்டின. பிறகு பரவின. சிவப்பும் கருநீலமும் ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு, யாரும் யாரையும் கண்டுகொள்ளாமல், சந்தைக்கு வந்த ஜனம் மாதிரி திரிந்தன. ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் செவுளை லேசாகத் தூக்கினான். அவன் திரும்பிப் போய்விட்டான். அவ்வளவுதான்.

காம்தோன் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்," என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். பிளாஸ்டிக் பையில் வாங்கிய ஐஸ் காப்பியை உறிஞ்சியபடி அன்று மாலை முழுக்க அங்கேயே இருந்தார். இரவுக்குள் ஊரில் பாதிப்பேருக்குப் படம் அனுப்பிவிட்டார்.

விச்சியன் தன் அறையில் துணி மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டதாகச் சங்வான் சொன்னான். படுக்கையிலிருந்து ஜன்னல் வழியே அது தெரியும்.

தலைவர் வரும் விழாவுக்குச் சில நாள் முன்னால் பேரவையிலிருந்து ஒரு சேதி வந்தது. தலைவர் பிறந்தது வெள்ளிக்கிழமை. அந்த ஊரில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம் உண்டு; வெள்ளிக்கிழமைக்கு வான்நீலம். காம்தோனுக்குத் தலைகால் புரியவில்லை. பந்தலுக்கு வான்நீலத் துணி, மேசைக்கு வான்நீல விரிப்பு, வேலையாட்களுக்கு வான்நீலச் சட்டை, வாசலில் காவல் தெய்வத்துக்கு வைத்திருந்த குட்டி தெய்வ வீட்டுக்குக்கூட வான்நீல ரிப்பன். அதற்கு எப்போதும் படையலாக வைக்கும் சிவப்பு சோடா மட்டும் நிறம் மாறாமல் தப்பியது. பிறகு அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"இங்க ஒரு வான்நீலம் இருக்கே!"

இருந்தது. ஒன்றே ஒன்று. வெளுத்த நீலம், பகல் வானம் மாதிரி. கூட்டத்தில் இளைத்தவன் அவன்தான். மற்றவர்கள் கொறித்துக் கொறித்து வால் சீப்புப் பல் மாதிரி கிழிந்திருந்தது.

"தலைவர் நிறம் இப்படிக் கிழிஞ்சு கெடந்தா என்ன நெனைப்பார்? இவனைச் சரிபண்ணு."

"தானா வளரும், முதலாளி. நாள் ஆகும்."

"நாள் இல்ல. நீ எத்தனை கிழிஞ்ச வாலை வளர்த்திருக்கே? அது மாதிரிதானே?"

அது மாதிரிதான். தனிப் பாட்டில், வாதாம் இலை, ஒரு சிட்டிகை உப்பு, யாரும் தொடாத நிம்மதி. வால் தளிர் விடும். சமோனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும் வேலை. ஆனால் தனிப் பாட்டில்.

"எடுக்கக்கூடாதே, முதலாளி. எடுத்தா அவன் வேத்தாளு ஆயிடுவான்."

காம்தோன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடியும்னு சொன்னது யாரு, சமோன்?"

அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள்.

"அப்ப வழியும் நீதான் கண்டுபிடிக்கணும். விச்சியனைக் கேட்டா வழியில்லம்பான். அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

அவர் போய்விட்டார். சமோன் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் ஒரு யோசனை வந்தது. பாட்டிலில் போடலாம், ஆனால் பாட்டிலைத் தொட்டிக்குள்ளேயே வைக்கலாம். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே. அவனும் இவர்களைப் பார்ப்பான், இவர்களும் அவனைப் பார்ப்பார்கள். தினம் முகம் பார்த்துக்கொண்டிருந்தால் மறந்தா போய்விடுவார்கள்?

நீலத்தைப் பிடித்துப் பாட்டிலில் விட்டாள். இலைத் துண்டும் உப்பும் போட்டாள். பாட்டிலைத் தொட்டியின் நடுவில் கல் வைத்து நிறுத்தினாள். மற்ற மீன்கள் வந்து பார்த்தன. மோந்து பார்த்த நாய்கள் மாதிரி சுற்றிவிட்டுப் போயின. அவளுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் காலை இரண்டு மூன்று மீன்கள் பாட்டில் பக்கமே நின்றன. ஒன்று செவுளை விரித்திருந்தது. உள்ளே நீலமும் விரித்திருந்தது. கண்ணாடியில் மூக்கு, மறுபக்கம் இன்னொரு மூக்கு. அண்ணன் தம்பி விளையாட்டு என்று நினைத்தாள். அப்படி நினைப்பது அவளுக்கு வசதியாக இருந்தது. வால் வேறு தளிர்விட ஆரம்பித்திருந்தது.

விச்சியன் வந்து பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். பாட்டிலுக்கு நேரே குனிந்தான். பீடியை எடுத்தான், வைத்தான்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. வாலு நல்லா வருது."

"பயமா இருக்குண்ணே."

"உன் கைக்கு வராத மீனா?" என்றான். போய்விட்டான்.

விழா அன்று காலை எல்லாரும் வான்நீலச் சட்டை போட்டுக்கொண்டார்கள். சட்டையின் முதுகில் 'நிறம் பல, குடும்பம் ஒன்று' என்று அச்சடித்திருந்தது. விழா முடிந்ததும் துவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சமோன் விடிந்ததும் நீலத்தைப் பாட்டிலிலிருந்து தொட்டிக்குள் சரித்தாள். பாட்டிலை எடுத்துவிட்டாள். நீலம் அடியில் போய் ஒரு செடிக்குப் பின்னால் நின்றது. மற்றவை தூங்கி எழுந்த மந்தத்தில் இருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. அவள் தெய்வ வீட்டுக்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, விருந்துக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டப் போனாள்.

பேரவைத் தலைவர் வந்தார். ஒல்லியான கிழவர். இத்தனை நீலத்தையும் பார்த்துக் கொஞ்சம் மிரண்டமாதிரி இருந்தது. மாலை போட்டார்கள். உட்கார வைத்தார்கள். காம்தோன் ஒலிபெருக்கி முன்னால் நின்று கையைத் தட்டினார்; அந்தச் சத்தம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த வாத்துகளை எழுப்பிவிட்டது.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே! உலகம் என்ன சொன்னது? ஆண் சண்டை மீன்கள் சேர்ந்து வாழாது என்று சொன்னது. நான் என்ன சொன்னேன்? அன்பு இருந்தால் வாழும் என்றேன். இதோ பாருங்கள்! ஒரே தண்ணீர்! ஒரே வீடு! ஒரே..."

வெயில் பந்தலுக்குள் சாய்ந்து தொட்டியில் விழுந்திருந்தது. செடிக்குப் பின்னாலிருந்து நீலம் வெளியே வந்தது. நாள்கணக்கில் கண்ணாடி வழியே முறைத்த முகங்கள் இப்போது கண்ணாடி இல்லாமல் எதிரே இருந்தன. ஒரு சிவப்பு மீன் செவுளை விரித்தது. நீலம் திரும்பிக்கொள்ளவில்லை. அடுத்த கணம் சிவப்பின் பக்கத்துச் செட்டையில் ஒரு துண்டு தண்ணீரில் தனியாக மிதந்தது.

பிறகு எது யாரைக் கடித்தது என்று சொல்ல முடியவில்லை. ஒரு சண்டையைப் பார்த்து இன்னொன்று பற்றிக்கொண்டது. பிறந்ததிலிருந்து உரசிக்கொண்டே திரிந்தவை, அத்தனை நாளும் பக்கத்தில் இருந்தது ஓர் எதிரி என்று அப்போதுதான் கண்டுகொண்டமாதிரி, ஒன்றின் வாயை ஒன்று கவ்விக்கொண்டு சுழன்றன. செதில்கள் வெயிலில் மினுங்கிக்கொண்டு அடியில் இறங்கின.

"ஒரே... குடும்பம்," என்று முடித்தார் காம்தோன். ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொன்னது.

சமோன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கையில் ஒரு வலை. தொட்டிக்கு ஓரடி இருக்கும்போது அவள் தோளில் ஒரு கை விழுந்தது.

பேரவைத் தலைவருடைய கை. நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. மாலையைக் கழற்றி உதவியாளர் கழுத்தில் போட்டுவிட்டிருந்தார். "விடும்மா, விடு! எடுக்காதே!" என்றார். கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்தார். "அடேயப்பா! அந்த நீலத்தைப் பாருங்கய்யா! அடியில போயி வயித்தைப் புடிக்கிறான் பாரு! சின்ன வயசுல கோயிலுக்குப் பின்னால ஜாடியில வச்சிருந்தேன், இதே மாதிரி ஒருத்தன். எங்கப்பா அடிச்ச அடி இன்னும் முதுகுல இருக்கு!"

"ஐயா, செத்துரும்யா," என்றாள் சமோன்.

"சாகட்டும்மா, வீரமாச் சாகட்டும். யாரு சிவப்பு பக்கம்?" உதவியாளரைப் பார்த்தார். "நீ சிவப்பு. நான் நீலம். வெள்ளிக்கிழமைப் பொறந்தவன் தோக்க மாட்டான்."

உதவியாளர் கைதட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் நடுவில் காம்தோனின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. வெளுத்துப்போய் இருந்தவர், சிரித்தார். மேடையிலிருந்து இறங்கி வந்து தலைவரின் பக்கத்தில் நின்று குனிந்தார்.

"பிடிச்சிருக்கா, ஐயா?"

"பிடிச்சிருக்காவா? ஊரு ஊராப் போறேன், எல்லாவனும் மீனைப் பாட்டில்ல வச்சுத் தூங்க வைக்கிறான். இப்படி ஒருத்தன்கூடக் காட்டலையே. சமாதானமா இருக்கிற மீனை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது, குழம்பு வைக்கிறதா? இதுதான்யா நம்ம மீனு!"

"அதைத்தான் ஐயா சொல்ல வந்தேன்," என்றார் காம்தோன். "ஒரே வீட்டுலேயும் போராட்ட குணம் போகாது. அதுதான் நம்ம ரத்தம்."

"பேசத் தெரிஞ்ச ஆளய்யா நீ. பேரவையில ஒரு இடம் காலியா இருக்கு. பார்ப்போம், பார்ப்போம்."

சமோன் வலையைப் பிடித்தபடி நின்றாள். தலைவருக்கே பிடித்துவிட்டது. முதலாளிக்குப் பேரவையில் இடமே வரப்போகிறது. அப்படியானால் தப்பித்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது காம்தோன் அவளைக் கொட்டகை ஓரமாகக் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு கனிவு.

"சமோன், இதைத் தோல்வின்னு எடுத்துக்காதே. இது ஒரு பாடம்."

"என்ன முதலாளி?"

"ஒரு கதவு மூடினா இன்னொண்ணு தொறக்கும். மாசக் கடைசி வரைக்கும் அறையில இரு. நான் அவசரப்படுத்த மாட்டேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "தலைவர் ஐயா சந்தோஷமாத்தானே இருக்காரு, முதலாளி?"

"ரொம்ப."

"உங்களுக்கும் நல்லதுதானே நடந்துச்சு?"

"அது வேற, இது வேற. நான் என்ன சொன்னேன்? சண்டை வந்தா விச்சியன்னு சொன்னேன். உங்க ரெண்டு பேர் முன்னாலயும் சொன்னேன். வந்துச்சா இல்லையா?" நெஞ்சில் குத்தியிருந்த வில்லையைச் சரிசெய்துகொண்டார். "எனக்கா மனசு இல்ல? ஆனா தலைவனா இருக்கிறவன் சொன்ன சொல்லை மாத்தக்கூடாது. அதைத்தான் பயிற்சியில முதல் நாளே சொல்லிக்குடுத்தாங்க."

"எங்க வீட்டுக்காரரைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன், முதலாளி?"

"நேர்மறையா யோசி," என்றார் காம்தோன். யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

விச்சியன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. சமோன் அவனிடம் போனாள்.

"அண்ணே. பாட்டிலைத் தொட்டிக்குள்ள வச்சனே. அன்னிக்குப் பார்த்தியே. உனக்குத் தெரிஞ்சுச்சா?"

விச்சியன் பீடியைத் தேடினான். புதுச் சட்டையில் பை இல்லை.

"மீனுக்குக் கோபம் ஏத்தணும்னா நாமளே அட்டையை எடுத்து அப்படித்தானே காட்டுவோம், தங்கச்சி. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் காட்டினா என்ன ஆகும்?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்." சுவரைப் பார்த்தான். "எனக்கும் போக இடமில்ல."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டினால் வசதியாக இருந்திருக்கும், இரண்டு பேருக்கும்.

அதற்குள் போட்டோக்காரர் கத்தினார். "குடும்பப் படம்! எல்லாரும் தொட்டிக்கு முன்னால வாங்க! மீனு இன்னும் சண்டை போடுறப்பவே எடுத்துரணும்!"

"வலை போட்டு எடுத்துர்றேன், சாமி. பாதி செத்துருச்சு," என்றாள் சமோன்.

"ஒரே ஒரு படம், அக்கா. அப்புறம் என்ன வேணாலும் பண்ணுங்க."

தலைவரை நடுவில் நிறுத்தினார்கள். வலது பக்கம் காம்தோன், இடது பக்கம் உதவியாளர். பின் வரிசையில் வேலையாட்கள். "பண்ணையோட மூத்த ஆள் யாரு? தலைவர் பக்கத்துல நில்லுங்க," என்று போட்டோக்காரர் சொன்னதும் காம்தோன் விச்சியனைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். விச்சியன் நெஞ்சை நிமிர்த்தத் தெரியாமல் நின்றான்.

போட்டோக்காரர் கேமராவில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். தொட்டிக் கண்ணாடி வழியாகப் பின்னால் இருந்த மோட்டார், கழிவுத் தண்ணீர் வாளி, சமோனின் தகர அறை, கொடியில் தொங்கிய சங்வானின் கைலி எல்லாம் தெரிந்தன.

"பின்னால ஒரு துணி வேணுமே. யாராவது புடிங்க."

பந்தலில் மிச்சமிருந்த வான்நீலத் துணியை எடுத்தார்கள். பிடிக்க ஆள் வேண்டும். எல்லாரும் படத்துக்கு நின்றுவிட்டார்கள். கை சும்மா இருந்தது சமோனுக்கு மட்டும்தான்.

அவள் தொட்டிக்குப் பின்னால் போனாள். துணியின் இரண்டு முனையையும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். முன்னால் துணியின் நீலம் மட்டும் இருந்தது. தொட்டி தெரியவில்லை, ஆட்கள் தெரியவில்லை. வெயில் எதிரே இருந்ததால் துணியில் நிழல்கள் அசைந்தன. சின்னச் சின்ன நிழல்கள், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு. அதில் சில அடியிலிருந்து மேலே வரவே இல்லை.

"இன்னும் உசத்துங்க, அக்கா."

உசத்தினாள். அந்தப் பக்கம் காம்தோன் ஏதோ சொல்ல, தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எல்லாரும் சிரிங்க! அண்ணே, நீங்களும் சிரிங்க!" விச்சியனைத்தான் சொன்னார். "ரெடி... ஆ, ஒரு நிமிஷம். அக்கா, துணிக்கு மேல உங்க விரலு தெரியுது."

அவள் துணியை இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

"இப்பவும் தெரியுது, அக்கா. மடக்கிக்குங்க."

சமோன் விரல்களை மடக்கித் துணிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஆங், இப்ப சரி," என்றார் போட்டோக்காரர். "இப்ப யாருமே தெரியல."